கல்லூரியில் கலக்கும் குவார்ட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவானா? எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஏரிக்கரையான்

டிராஃப்ட் நெருங்கினாலே, அதாவது அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் எடுக்கும் நாள் வந்தாலே, எனக்கு வயிற்றைக் கலக்கும். கிளீவ்லாண்டில் குடியிருக்கிறேன், எங்கள் ஊர் அணியான பிரவுன்ஸின் ரசிகன். வேறு காரணம் வேண்டுமா?

1999-இல் அணி மறுபடி உயிர்பெற்றதிலிருந்து முதல் சுற்றில் நாங்கள் எடுத்த குவார்ட்டர்பேக்குகள் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்கள்): டிம் கௌச் (1999), பிராடி குவின் (2007), பிராண்டன் வீடன் (2012), ஜானி மன்ஸெல் (2014), பேக்கர் மேஃபீல்ட் (2018). முதலும் கடைசியும் டிராஃப்டின் முதல் தேர்வு. நடுவில் உள்ள மூவரையும் அச்சு அசலாக 22-ஆவது இடத்தில் எடுத்தோம். அந்த எண்ணை ஏன் இன்னும் யாருக்காவது விற்றுத் தொலைக்காமல் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. வீடனை எடுக்கும்போதே அவருக்கு 28 வயது. 2017-இல் இரண்டாம் சுற்றில் வந்த டிஷோன் கைஸர் 22 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட வீச்சு) கொடுத்தார், அணி 0-16, ஒரு வெற்றிகூட இல்லை. இந்தக் கூட்டத்தில் பிளேஆஃபில் (நாக்அவுட் சுற்றில்) ஒரு ஆட்டம் ஜெயித்துத் தந்தவர் மேஃபீல்ட் மட்டும்தான். அவரையும் அனுப்பிவிட்டோம். இப்போது டாம்பாவில் சௌக்கியமாக இருக்கிறார்.

என் கேள்வி இதுதான். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம் பார்க்கிறீர்கள். 21 வயதுப் பையன் 350 யார்டு வீசுகிறான், நாலு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது). இவன் ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் ஆட்டத்துக்குத் தேறுவானா என்று முடிவுசெய்ய எதைப் பார்ப்பீர்கள்? "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று மட்டும் யாரும் வந்து சொல்லாதீர்கள். அதை எங்கள் ஊரில் 25 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பஃபலோ பாண்டி

முதலில் புள்ளிவிவரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள் அண்ணே. எங்கள் பஃபலோ பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பாருங்கள். பள்ளி முடித்தபோது ஒரு பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. கலிஃபோர்னியாவில் ரீட்லி என்ற சின்னக் கல்லூரியில் ஆடிவிட்டு வயோமிங் போனார். அங்கே வீசியதில் 56 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. 2018-இல் பில்ஸ் அவரை 7-ஆவதாக எடுத்தபோது, கல்லூரியிலேயே குறி தவறுகிறவன் இங்கே வந்து என்ன செய்வான் என்று ஊரே சிரித்தது.

முதல் ஆண்டு 52.8 சதவீதம். இரண்டாவது ஆண்டு 58.8. மூன்றாவது ஆண்டு, பந்தைப் பிடிக்கும் ரிசீவராக ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார், 69.2. அப்புறம் 2024-இல் எம்விபி, லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது. கையில் பலம், ஆறடி ஐந்து அங்குல உயரம், உழைப்பு. இந்த மூன்றும் இருந்தால் மீதியைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை

வந்துவிட்டார் பாண்டி, ஆலனைத் தோளில் தூக்கிக்கொண்டு :)

பாண்டி, ஆலன் விதிவிலக்கு. அவரைப் பார்த்துவிட்டு மற்ற அணிகள் "அடுத்த ஆலன்" தேடிப் புறப்பட்டதுதான் பெரிய சோகம். 2023-இல் கோல்ட்ஸ் அணி 4-ஆவதாக ஆந்தனி ரிச்சர்ட்சனை எடுத்தது. 40 யார்டை 4.43 நொடியில் ஓடினார், நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்பினார். அந்த உயரத்தை எந்தக் குவார்ட்டர்பேக்கும் டிராஃப்டுக்கு முன் நடக்கும் அந்தத் தேர்வு முகாமில் அதுவரை தொட்டதில்லை. ஃப்ளோரிடாவில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது மொத்தம் 13 ஆட்டம், துல்லியம் கடைசி ஆண்டில் 53.8 சதவீதம். 2024-இல் என்எஃப்எல்லில் அது 47.7. வேகம், எம்பும் திறன் எல்லாம் ஆலனைவிட ஒரு படி மேல். விளைவு?

டேவிட் லூயின் என்பவர் ரொம்ப நாளுக்கு முன்பே ஒரு எளிய கணக்கு போட்டார். முதல் இரண்டு சுற்றில் போகும் குவார்ட்டர்பேக்குகளுக்கு இரண்டே எண் போதும்: கல்லூரியில் எத்தனை ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரர், வீச்சில் எத்தனை சதவீதம் போய்ச் சேர்ந்தது. பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் வைத்திருந்த விதியும் கிட்டத்தட்ட இதே கூட்டம்தான். மூன்று ஆண்டு தொடக்க ஆட்டக்காரனாக இருக்கணும், கடைசி ஆண்டு வரை படிக்கணும், பட்டம் வாங்கணும், 23 வெற்றி இருக்கணும்.

இந்தக் கணக்கு இன்று அப்படியே செல்லாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது கல்லூரியில் பாதி வீச்சு அக்கம்பக்கம் தட்டிவிடும் ஸ்கிரீன். 70 சதவீதத்துக்குப் பழைய மதிப்பு இல்லை. கல்லூரி மாறும் விதி தளர்ந்ததிலிருந்து பையன்கள் ஐந்து, ஆறு ஆண்டு ஆடுகிறார்கள். போ நிக்ஸ் ஆபர்னிலும் ஆரெகனிலும் சேர்த்து 61 ஆட்டம் தொடங்கியிருந்தார். 24 வயதுக்காரன் 19 வயதுப் பையன்களை அடித்து எடுத்த எண்ணை எப்படி எடைபோடுவது? ஆனாலும் அடிப்படை மாறவில்லை. 13 ஆட்டம் மட்டும் பார்த்துவிட்டு முதல் ஐந்துக்குள் எடுப்பது சூதாட்டம். அகிலி ஸ்மித் 1999-இல் 3-ஆவதாகப் போனதும் ஒரே ஒரு நல்ல ஆண்டைக் காட்டித்தான்.

புதுமுகம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்தே இரண்டு சீசன்தான். ரஞ்சியில் குவித்தவன் டெஸ்டில் திணறுவதை நாம் பார்த்திருக்கிறோம், அதுமாதிரி எடுத்துக்கொள்ளலாமா? மைதானம் ஒன்று, பந்து ஒன்று, விதியும் பெரும்பாலும் ஒன்று. அப்படி என்னதான் மாறுகிறது?

ஃபிலிம்_பைத்தியம்

நல்ல கேள்வி, புதுமுகம். விதி ஒன்று என்று சொன்னீர்களே, அங்கேயே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளும்.

மைதானத்தின் நடுவில் குட்டிக் குட்டியாக இரண்டு வரிசை ஹாஷ் கோடு போகும். பந்தை அந்த இரண்டுக்கு நடுவில் எங்கேயாவது வைத்துத்தான் ஒவ்வொரு பிளேயும் (ஒரு தனி ஆட்டமுயற்சி) தொடங்கும். கல்லூரியில் அந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கல்லூரியில் பந்து பெரும்பாலும் ஒரு ஓரமாக இருக்கும், எதிர்ப்பக்கம் மேய்ச்சல் நிலம் போலத் திறந்து கிடக்கும். அதைக் காக்க டிஃபென்ஸ் அகலமாக விரிந்தே ஆகணும். விரிந்து நிற்கும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில். டிஃபென்ஸ் தன் எண்ணத்தைக் கடைசி நொடிவரை மறைத்து வைக்கலாம்.

இரண்டாவது, ஆஃபென்சிவ் லைன், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் வரிசை. பந்து கையைவிட்டுப் போகும் முன் லைன்காரன் முன்னே போகக் கல்லூரியில் மூன்று யார்டு அனுமதி, இங்கே ஒரு யார்டு. அதனால் கல்லூரியில் ஆர்பிஓ என்னும் ஓடலாமா வீசலாமா பிளேக்கள் கொட்டிக் கிடக்கும். லைன் முழுக்க ஓட்டத்துக்குத் தடுப்பதுபோல முன்னே பாயும், டிஃபென்ஸின் லைன்பேக்கர் ஏமாந்து முன்னே வருவான், அவன் விட்ட காலி இடத்தில் குவார்ட்டர்பேக் பந்தைப் போடுவான். பார்க்க அற்புதமாக இருக்கும். அந்தப் பையன் அங்கே பார்த்தது ஒரே ஒரு ஆளை மட்டும்தான்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கல்லூரி ஆட்டத்தை அடுத்தமுறை பார்க்கும்போது ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்துப் பிளேயைத் தொடங்குவதற்கு) முன் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அணி வந்து வரிசையாக நிற்கும். டிஃபென்ஸும் நிற்கும். திடீரென்று ஆஃபென்ஸ் பக்கம் மொத்தப் பேரும் நிமிர்ந்து ஓரத்தைப் பார்ப்பார்கள். அங்கே பயிற்சியாளர் டிஃபென்ஸ் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பிளேயை மாற்றிச் சைகை காட்டுவார், இல்லாவிட்டால் உதவியாளர்கள் படம் போட்ட பலகையைத் தூக்கிப் பிடிப்பார்கள். குவார்ட்டர்பேக் அதை வாங்கி நிறைவேற்றுவான். முடிவு அவனுடையது அல்ல. தலைக்கவசத்துக்குள் ரேடியோ பேசுவதே கல்லூரிக்கு 2024-இல்தான் வந்தது.

என்எஃப்எல்லில் ரேடியோ 1994-இலிருந்தே உண்டு. ஆனால் பிளே கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது அணைந்துவிடும். அப்புறம் அந்தப் பையன் தனி ஆள். ஆட்டக்காரர்கள் கூடி நிற்கும் ஹடிலில் ஒரு மூச்சில் நீளமான பிளே பெயரைச் சொல்லணும், யாரைத் தடுப்பது என்று லைனுக்குக் காட்டணும், ஒரு ஆளை நகர்த்தி டிஃபென்ஸ் அசைகிறதா என்று பார்க்கணும், சரியில்லை என்றால் மாற்றணும். ஸ்னாப் ஆனதும், ஆழத்தில் இரண்டு பேராக நின்ற சேஃப்டிகளில் (கடைசிக் காவலர்களில்) ஒருவன் சட்டென்று கீழே இறங்கிவிடுவான். நீங்கள் மனத்தில் வைத்திருந்த படம் பொய். பந்து கையைவிட்டுப் போக இரண்டரை நொடி, இழுத்தால் மூன்று. கல்லூரியில் "ரிசீவர் திறந்திருக்கிறான்" என்றால் பக்கத்தில் மூன்று யார்டுக்கு ஆளே இல்லை என்று அர்த்தம். இங்கே அரை அடி முன்னால் இருந்தாலே திறந்த மாதிரிதான்.

ஆகவே நான் என்ன செய்வேன் என்றால், ஸ்கிரீன், ஆர்பிஓ, 21 புள்ளி முன்னிலையில் வீசியது எல்லாவற்றையும் கழித்துவிடுவேன். மூன்றாவது டவுன் (பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவது), இன்னும் ஏழு யார்டுக்கு மேல் மிச்சம். அதை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். அந்தச் சமயத்தில் வேஷம் போட முடியாது. முதலில் பார்த்த ஆள் மூடப்பட்டிருக்கிறான், இடதுபுறம் இருந்து ஒருவன் வருகிறான். அப்போது பையனின் கண் எங்கே போகிறது? மைதானத்தில் இருக்கிறதா, வருகிறவன் மேலே விழுந்துவிட்டதா? கால் என்ன செய்கிறது? அரை அடி முன்னே நகர்ந்து மறுபடி வீச நிற்கிறானா, தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறானா, பின்பக்கமாகச் சுழன்று 12 யார்டு இழக்கிறானா? இருபது முப்பது பிளே இப்படிப் பார்த்தால் போதும், எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிடும்.

பஃபலோ பாண்டி

» இருபது முப்பது பிளே இப்படிப் பார்த்தால் போதும்

அப்படியென்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆயிரம் பிளே பார்க்கிற, அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் ஏன் கோட்டைவிடுகிறார்கள்? 2017-இல் உங்கள் ஆட்கள் எல்லாரும்தானே குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைப் பார்த்தார்கள்?

ஃபிலிம்_பைத்தியம்

பார்த்தார்கள். ஆனால் எதைப் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். டெக்சஸ் டெக்கில் பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரி நடத்தியது ஏர் ரெய்ட், ஓட்டத்தைக் குறைத்து வீசிக்கொண்டே இருக்கும் முறை. அந்த முறையில் வந்த குவார்ட்டர்பேக் என்றாலே "எண்ணெல்லாம் ஊதிப் பெருத்தது, முறைதான் ஆடுகிறது, ஆள் இல்லை" என்று ஒரு முத்திரை. 2016-இல் ஓக்லஹோமாவுடன் நடந்த ஆட்டம் 66-59. மஹோம்ஸ் 88 முறை வீசி 734 யார்டு, தோல்வி. எதிரணியில் வீசியவர் மேலே ஏரிக்கரையான் சொன்ன அதே மேஃபீல்ட். அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் அவருடைய ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். அவருடைய லைன் ஓட்டைச் சல்லடை. பாதி நேரம் பிளே உடைந்துபோய்தான் வீசுகிறார். உடைந்த பிறகும் கண் மேலேயே இருக்கிறது, கோணல்மாணலாக எங்கிருந்தோ கை சுழன்று பந்து போய்ச் சேர்கிறது. கெட்ட பழக்கமும் ஏராளம், மறுக்கவில்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் டிராஃப்ட் வரிசையில் 27-இலிருந்து 10-க்கு ஏறி எடுத்தார்கள். ஒரு ஆண்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டு 50 டச்டவுன்.

அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர் யார் என்று சிகாகோக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் :)

சிகாகோ_சித்தப்பா

இருக்கிறேன், இருக்கிறேன். மிட்செல் ட்ருபிஸ்கி. நார்த் கேரலைனாவில் 13 ஆட்டம் தொடங்கியவர். பிள்ளைவாள் சொன்ன 13 மறுபடி வருகிறது பாருங்கள். ஒரே ஒரு இடம் முன்னேறுவதற்கு எங்கள் அணி கூடுதல் தேர்வுகளை வேறு அள்ளிக் கொடுத்தது. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

ஆனால் நீங்கள் எல்லோரும் பையனையே உருட்டி உருட்டிப் பார்க்கிறீர்கள். அவனை எங்கே இறக்குகிறோம் என்பதைப் பாருங்கள். 2024-இல் கேலப் வில்லியம்ஸ் முதல் தேர்வாக இங்கே வந்தார். முதல் ஆண்டில் 68 சாக் (வீசும் முன்பே எதிரி பிடித்துத் தரையில் போடுவது). பந்தை வெகுநேரம் பிடிக்கிறார், யுஎஸ்சியிலேயே அப்படித்தான், திருந்த மாட்டார் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். 2025-இல் பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்தார். லைனின் நடுப்பகுதி மூன்று பேரும் புது ஆட்கள். சாக் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பையன் அதே பையன்.

டேவிட் கார் கதை தெரியுமா? 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் அணி அவரை முதல் தேர்வாக எடுத்து, அந்த ஆண்டே 76 முறை தரையில் போட வைத்தது. அதன்பின் அந்த மனிதர் பாக்கெட்டில், லைன் தடுத்துக் கொடுக்கும் இடத்தில், நிம்மதியாக நின்றதே இல்லை.

கணக்குப்பிள்ளை

சித்தப்பா, அந்த 68-இல் பாதி லைனின் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாக் என்பது குவார்ட்டர்பேக்கின் கணக்கிலும் சேரும். இதை நிறையப் பேர் ஏற்பதில்லை. எதிரி நெருங்கும்போது எத்தனை முறை சாக் ஆகிறான் என்ற விகிதம், கல்லூரியிலிருந்து மேலே போகும்போது ஓரளவு கூடவே போகிறது. துல்லிய சதவீதத்தைவிட அது ஒட்டிக்கொள்ளும் குணம். ஏன் என்று யோசித்தால் ஃபிலிம் சார் சொன்ன இடத்துக்கேதான் வருகிறது. முடிவு எடுக்கும் வேகம்.

1998-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெய்டன் மானிங் முதல் ஆண்டில் 28 இன்டர்செப்ஷன். புதியவர்களில் இன்றுவரை அதுவே உச்சம். அணி 3-13. பத்திரிகையில் கிழித்தார்கள். ஆனால் அந்த மோசமான அணியில் 575 முறை வீசிய மனிதர் சாக் ஆனது 22 முறை மட்டும். பந்து எங்கே போகணும் என்று மூளை முதல் ஆண்டே சொல்லிவிட்டது, கை சில நேரம் தப்பு செய்தது, அவ்வளவுதான். இன்டர்செப்ஷன் குறையும். மெதுவாக முடிவெடுக்கும் குணம் அவ்வளவு சீக்கிரம் குறையாது.

ஏரிக்கரையான்

மானிங் பேச்சு வந்துவிட்டதால் ரயன் லீஃப் பேச்சும் வரணுமே. அந்த ஆண்டு இருவரில் யாரை முதலில் எடுப்பது என்று நிஜமாகவே விவாதம் நடந்தது. லீஃபுக்குக் கை பலம் அதிகம் என்றே பலரும் சொன்னார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டை ரோஸ் போல் என்ற பெரிய கல்லூரி ஆட்டம் வரை கொண்டுபோனவர். என்எஃப்எல்லில் மூன்றாவது ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டியில் 15 முறை வீசி ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தது, நாலு யார்டு. முழு ஆண்டில் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன். இதில் ஃபிலிமும் இல்லை, எண்ணும் இல்லை. தோல்வி வந்தால் அந்த ஆள் என்ன ஆவான் என்பதைக் கல்லூரியில் எப்படிப் பார்ப்பது? அங்கே அவன் தோற்றிருக்கவே மாட்டானே.

ஹூஸ்டன்வாசி

அதற்குத்தானே பரீட்சை எல்லாம் வைத்தார்கள். வொண்டர்லிக் என்று 12 நிமிஷத்தில் 50 கேள்வி. ஹார்வர்டில் படித்த குவார்ட்டர்பேக் ஃபிட்ஸ்பாட்ரிக் அதில் பிரமாதமாக எழுதினார், நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஒன்பது அணி மாறினார். 2022-இல் அந்தப் பரீட்சையையே தேர்வு முகாமிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து எஸ்2 என்று ஒன்று, திரையில் வேகமாக முடிவெடுக்கும் சோதனை. 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரௌடின் மதிப்பெண் என்று ஒரு மோசமான எண் டிராஃப்டுக்கு முன்பு கசிந்தது. பிரைஸ் யங்குக்கு உச்ச மதிப்பெண் என்றார்கள். கேரலைனா, ரிசீவர் டி.ஜே. மோரையும் தேர்வுகளையும் கொடுத்து மேலே ஏறி யங்கை எடுத்தது. எங்களுக்கு ஸ்ட்ரௌட் வந்தார். முதல் ஆண்டில் 4,108 யார்டு, 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன். யங்கை இரண்டாவது ஆண்டின் இரண்டே ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். (பிறகு திரும்பி வந்து நன்றாகவே ஆடினார், அதையும் சொல்லணும்.)

ஏரிக்கரையான், நீங்கள் ஒஹாயோக்காரர். 2022 டிசம்பர் 31, ஸ்ட்ரௌடின் ஒஹாயோ ஸ்டேட் ஜார்ஜியாவுடன் ஆடிய பீச் போல் பார்த்திருப்பீர்கள். அதுவரை ஸ்ட்ரௌடைப் பற்றிச் சொன்ன ஒரே குறை, பிளே உடைந்தால் ஆள் ஒன்றும் செய்ய மாட்டார், எல்லாம் ரிசீவர்கள் புண்ணியம் என்பது. ஜார்ஜியா டிஃபென்ஸ் அந்த வருஷம் எப்படி இருந்தது! அதற்கு எதிராகப் பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, ஓடி, வீசி, 348 யார்டு, 4 டச்டவுன். கடைசி ஃபீல்ட் கோல் தவறி 42-41 என்று தோற்றார்கள். லீஃபுக்குக் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். கல்லூரியிலும் அப்படி ஒன்றிரண்டு இரவு கட்டாயம் வரும். அந்த இரவை நாலு முறை பாருங்கள், மற்ற பத்து ஆட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஃபிலிம்_பைத்தியம்

அருமை. டாம் பிரேடிக்கும் அதே கதை. 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாவது சுற்று, 199-ஆவது ஆள், அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக் போய்விட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி ஆரஞ்சு போலில் அலபாமாவுக்கு எதிராக இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, இரண்டு முறையும் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று மிச்சிகன் ஜெயித்தது. 369 யார்டு, 4 டச்டவுன். ஃபிலிமில் எல்லாம் இருந்தது. ஆனால் முகாமில் 40 யார்டை 5.28 நொடியில் ஓடிய ஒல்லிப் பையனைப் பார்த்துவிட்டு மறந்துபோனார்கள்.

தலைகீழ் உதாரணமும் உண்டு. 2021-இல் ஸாக் வில்சன் தன் கல்லூரித் திடலில் ஸ்கவுட்களுக்கு ஆடிக் காட்டிய நாள். இடதுபுறம் ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்காக வலப்பக்கம் ஆழத்தில் ஒரு வீச்சு. அந்தக் காணொளி நாடெல்லாம் சுற்றியது. அவர்மேல் பாய ஒரு ஆள்கூட அங்கே இல்லை. ஜெட்ஸ் இரண்டாவதாக எடுத்தது, மூன்று சீசனோடு கதை முடிந்தது.

கணக்குப்பிள்ளை

இதில் ஒரு எச்சரிக்கை. ஜெயித்தவனுடைய பழைய ஆட்டத்தைத் தோண்டி "பார், அப்போதே தெரிந்தது" என்பது சுலபம். பெரிய போல் ஆட்டத்தில் பின்தங்கி வந்து ஜெயித்த கல்லூரிக் குவார்ட்டர்பேக்குகள் எத்தனையோ பேர், பெயரே மறந்துவிட்டது. பிரேடியை எடுத்த பேட்ரியாட்ஸே ஆரஞ்சு போலைப் பார்த்து மெய்மறந்திருந்தால் 199 வரை ஏன் காத்திருந்தார்கள்?

தென்திசை

நீண்டநாள் வாசகன், முதல்முறை எழுதுகிறேன். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. பார்க்கிற கண்ணே கோணலாக இருந்தால்?

வாரன் மூன் 1978 ரோஸ் போலின் சிறந்த ஆட்டக்காரர். அந்த ஆண்டு டிராஃப்டில் ஒரு அணியும் அவரைத் தொடவில்லை. கறுப்பினத்தவர் குவார்ட்டர்பேக்காக ஆக முடியாது, வேறு இடத்துக்கு மாறணும் என்ற எண்ணம் அன்று வெளிப்படையாகவே இருந்தது. அவர் மாற மறுத்துக் கனடாவுக்குப் போனார். எட்மண்டனில் ஐந்து கிரே கோப்பை. பிறகு ஹூஸ்டன் வந்து, 2006-இல் ஹால் ஆஃப் ஃபேம். சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 2018-இல், சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக் லாமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னார் பில் போலியன், மானிங்கை எடுத்த அதே மேலாளர். லாமார் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாகப் போனார். இரண்டு எம்விபி.

ஸ்கவுட் அறிக்கையில் ஒருவனுக்கு "உடல் வல்லமை", இன்னொருவனுக்கு "ஆட்ட அறிவு" என்று எழுதியிருந்தால் நான் உடனே அந்த இருவரின் புகைப்படத்தையும் பார்ப்பேன். பெரும்பாலும் ஊகித்தபடியே இருக்கும்.

சிகாகோ_சித்தப்பா

வாங்க தென்திசை, அடிக்கடி எழுதுங்கள். லாமார் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். ரேவன்ஸ் அவரை எடுத்ததோடு நிற்கவில்லை, ஆஃபென்ஸ் மொத்தத்தையும் அவருக்காக உடைத்துக் கட்டினார்கள். அதே டிராஃப்டில் 3-ஆவதாகப் போன சாம் டார்னால்டை ஜெட்ஸ் என்ன செய்தது? 2019-இல் பேட்ரியாட்ஸுடன் 33-0 தோல்வி. அன்று மைக் மாட்டி விட்டிருந்தார்கள், "பேய்கள் தெரிகின்றன" என்று அவர் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது நாடு முழுக்க ஒலித்தது. முடிந்தது என்றார்கள். மின்னசோட்டாவில் கெவின் ஓ'கானலிடம் போனதும் 2024-இல் 14 வெற்றி. இவரை நீங்கள் தேறியவர் பட்டியலில் போடுவீர்களா, தேறாதவர் பட்டியலிலா?

ஃபிலிம்_பைத்தியம்

தேறியவர், தாமதமாக. ஆனால் அந்தப் பேய் முழுசாகப் போகவில்லை. 2024 சீசனின் பிளேஆஃபில் ராம்ஸ் அவரை ஒன்பது முறை சாக் செய்தார்கள். நல்ல பயிற்சியாளர் அழுத்தம் வராமல் பார்த்துக்கொள்வார். வந்தால் அந்த ஆள் என்ன செய்வான் என்பது அவனோடுதான் இருக்கிறது.

பஃபலோ பாண்டி

ஆக ஆலனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. குறித்துக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை

சொல்கிறேன் பாண்டி. வயோமிங்கில் அவரைச் சுற்றி ஆட்கள் கிடையாது, அது பாதி காரணம். மீதி, அவர் வீச்சுப் பயிற்சியாளர் ஜார்டன் பால்மரிடம் போய்த் தன் இடுப்பும் காலும் அசையும் முறையையே பிரித்துக் கட்டினார். மாறக்கூடியவன் என்பதைப் பில்ஸ் எப்படியோ மோப்பம் பிடித்தார்கள், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஒரு சீட்டைக் காட்டி எல்லாரும் லாட்டரி வாங்கினால் என்ன ஆகும்? ஃபார்ட்டிநைனர்ஸ் 2021-இல் 12-இலிருந்து 3-க்கு ஏற எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாரிக் கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தார்கள். நார்த் டகோட்டா ஸ்டேட், 17 ஆட்டம். அவர்களுக்காகத் தொடங்கியது நாலே ஆட்டம். அதே அணியை சூப்பர் போலுக்குக் கூட்டிப் போனவர் 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது, ப்ராக் பர்டி. அயோவா ஸ்டேட்டில் நாலு ஆண்டு தொடக்க ஆட்டக்காரர். எல்லோரும் பார்த்தார்கள், குள்ளம், கை பலம் போதாது என்று விட்டுவிட்டார்கள்.

அதனால் ஏரிக்கரையான், என் ஆலோசனை எளிது. ஒரே பையன்மேல் மூன்று வருஷச் சொத்தைக் கட்டாதீர்கள். கிரீன் பேயில் மேலாளர் ரான் வுல்ஃப் செய்ததைச் செய்யுங்கள். பிரெட் ஃபார்வ் போன்ற நட்சத்திரக் குவார்ட்டர்பேக் ஒருவர் கையில் இருக்கும்போதே கீழ்ச் சுற்றுகளில் குவார்ட்டர்பேக் எடுத்துக்கொண்டே இருந்தார். 1993-இல் ஐந்தாம் சுற்றில் மார்க் புருனல், 1998-இல் ஆறாம் சுற்றில் மேட் ஹசல்பெக், 1999-இல் நாலாம் சுற்றில் ஆரன் புரூக்ஸ். மூவரும் வேறு அணிகளில் போய் வருஷக்கணக்கில் தொடக்க ஆட்டக்காரர்களாக ஆடினார்கள். விற்றதில் லாபம் வேறு.

ஏரிக்கரையான்

பிள்ளைவாள், 2025-இல் நாங்கள் அதைத்தான் செய்தோம். மூன்றாம் சுற்றில் டிலன் கேப்ரியல், ஐந்தாம் சுற்றில் ஷெடூர் சாண்டர்ஸ். ஒரே டிராஃப்டில் இரண்டு பேர்! ஃபார்வ் மட்டும்தான் குறைச்சல்.

ஃபிலிம் சார், சாண்டர்ஸ் கொலராடோவில் ஆடியதில் மூன்றாவது டவுன் பிளேக்களைப் பார்த்தீர்களா? உங்கள் கண், கால் சோதனையில் எத்தனை மதிப்பெண்?

ஃபிலிம்_பைத்தியம்

பார்த்தேன். துல்லியம் பிரமாதம், அடி வாங்கப் பயமே இல்லை, கண்ணும் பெரும்பாலும் மேலேதான். ஆனால் நெருக்கடி வந்தால் அரை அடி முன்னே நகர்வதற்குப் பதில் பின்னாலே ஓடுகிற பழக்கம். கல்லூரியில் சில நேரம் தப்பித்தார், நிறைய நேரம் பெரிய இழப்பு. அவருடைய லைனும் மோசம் என்பதால் எவ்வளவு பழக்கம், எவ்வளவு பிழைப்பு என்று பிரிப்பது கஷ்டம்.

சிகாகோ_சித்தப்பா

அப்போ முதல் சுற்றில் இரண்டு டாக்கிள் (லைனின் ஓரத் தடுப்பாளர்) எடுத்துவிட்டு வாருங்கள் ஏரிக்கரையான். பையனைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பஃபலோ பாண்டி

22-ஆவது இடம் கிடைத்தால் மட்டும் யாரையும் எடுக்காதீர்கள் அண்ணே. எங்களுக்கு விற்றுவிடுங்கள்.